சவுக்காரத் தண்ணியும் வர்த்தமானியும்

2020 ஊரடங்கு நாட்களில் காசுத்தாளைச் சவுக்காரத் தண்ணியில் அலசிக் கொடியில் காயப்போட்டவர்கள் நாங்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலைக் கண்டாலே, ஆர் வந்திருப்பினமோ எண்டு பயம். தொண்டை கரகரத்தால் அண்டிரவு நித்திரை இல்லை. இப்ப அதைச் சொல்லிச் சிரிக்கலாம். அதே பயம் சட்டமானதைச் சிரித்துக் கடக்க ஏலாது.

மும்பையில் பிளேக் பரவிய அடுத்த வருஷம், 1897இல், இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2020 ஏப்ரல் 11இல் ஒரு வர்த்தமானி: கொரோனாவால் இறந்தவர்களை 800 முதல் 1200 பாகை வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் எரிக்க வேண்டும். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவுமாம்! எரித்தே ஆகவேண்டும் என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. டிசம்பரில் கொழும்பில், பெற்றோர் சம்மதிக்காமலே, 20 நாள் குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத்துணி கட்டினது அதுக்குத்தான்.

2021 மார்ச்சில்தான் ஒட்டமாவடியில் அடக்க விட்டார்கள். கிண்ணியா, மூதூர்ச் சனம், பக்கத்தில் மையவாடி இருக்க, ஜனாஸாவை அவ்வளவு தூரம் அனுப்பினது. அங்கே 3,000க்கு மேற்பட்டோர் கிடக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமில்லை, இந்துக்கள், பௌத்தர், கிறிஸ்தவர்களும்தான்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தண்ணிக் கதையை அப்ப எங்களிலும் சிலர் நம்பினம். மையவாடிக்குக் கிட்ட இருந்த கிணத்தில் கொஞ்சநாள் தண்ணி அள்ளவும் இல்லை.