சலவைக் கணக்கும் கோகோ டப்பாவும்

ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு ஊருக்கு வெளியே வால்டன் குளக்கரையில் தானே எழுப்பிய குடிலுக்குக் குடிபோனார். பத்தடிக்குப் பதினைந்தடி. நிலம் நண்பர் எமர்சனுடையது. பலகைக்காக ஒரு ரயில்பாதைத் தொழிலாளியின் பழைய குடிசையை நாலேகால் டாலருக்குப் பேசிப் பிரித்தெடுத்தார். ஆணி, சுண்ணாம்பு, கண்ணாடி வைத்த பழைய ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு எழுதி, கூட்டி, மொத்தம் 28 டாலர் 12½ சென்ட் என்று 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலில் அச்சிலேயே காட்டினார். ஹார்வர்டு மாணவர் தன் அறைக்கு ஆண்டுக்கு முப்பது டாலர் வாடகை கொடுத்த காலம் அது. அதையும் பக்கத்தில் வைத்துக் குத்திக்காட்ட அவர் தவறவில்லை.

இன்னொருவர் கணக்கு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் லண்டனில் தணிக்கைத் தொழில் பயின்றார், பம்பாயில் சொந்தமாக நிறுவனம் நடத்தினார், பிறகு அமெரிக்காவுக்குப் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவு இந்தியாவை எப்படி வறுமைக்குள் தள்ளியது என்ற ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டு 1929இல் காந்தியைப் பார்க்கப் போனவர், ஜே.சி. குமரப்பாவாக அவரோடேயே நின்றுவிட்டார். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு, வார்தாவின் மகன்வாடியில் இருந்துகொண்டு செயலாளராக இருந்தார்.

தற்சார்பு பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்த இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இரண்டு பேருமே திருமணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு பேருமே சிறைக்குப் போனார்கள், இரண்டு பேருமே கடைவீதியைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நடுவில் காந்தி வேறு இருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது தோரோவின் சட்டமறுப்புக் கட்டுரையைத் தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1907இல் அறிமுகப்படுத்தியவர் அவர். ஆனால் இருவர் எழுதிய கணக்கையும் வரிவரியாகப் படித்தால், இருவர் கேட்கும் கேள்வியும் வேறு என்பது தெரியும்.

தோரோவின் கேள்வி இது: ஒரு பொருளுக்காக என் ஆயுளில் எத்தனை நாள் போகிறது? ஃபிட்ச்பர்க் ஊர் முப்பது மைல் தூரம். ரயில் கட்டணம் தொண்ணூறு சென்ட், ஏறக்குறைய ஒருநாள் கூலி. நான் இப்போதே நடக்கத் தொடங்கினால் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். நீ முதலில் கட்டணத்துக்கு உழைக்க வேண்டும், பிறகுதான் வண்டி ஏற முடியும், ஆகவே ரயிலைவிட நானே வேகம் என்கிறார். விதண்டாவாதம் மாதிரித் தெரியும். ஆனால் அலுவலகத்துக்குப் போக மாதத் தவணையில் கார் வாங்கி, அந்தத் தவணைக்காகவே அலுவலகம் போகிறவருக்கு இந்தக் கணக்கு உறைக்கும். தன் மேசையில் இருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களுக்குத் தினமும் தூசி தட்ட வேண்டியிருக்கிறதே என்று அவற்றை ஜன்னல் வழியே எறிந்தவர் அவர். ஒரு பெண்மணி கொடுக்க வந்த கால்மிதியையும் வேண்டாம் என்றார். பொருள் சும்மா வந்தாலும் பராமரிப்பு சும்மா வராது என்பதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. எட்டு மாதச் சாப்பாட்டுச் செலவு 8 டாலர் 74 சென்ட் என்று எழுதிவிட்டு, சலவையும் துணி தைப்பதும் பெரும்பாலும் வெளியில் நடந்தன, அவற்றுக்கான பில் இன்னும் வந்துசேரவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்க்கிறார். கிண்டலாகவே எழுதியிருக்கலாம். இருந்தாலும் அந்த பில் கடைசிவரை கணக்கில் ஏறவில்லை. துவைத்தவருடைய ஆயுளில் எத்தனை மணி நேரம் அதில் போனது? பொருளின் விலையை ஆயுளால் அளக்கச் சொன்னவரிடம்தான் இதைக் கேட்க முடியும்.

அவருக்கு அடுத்தவர் துயரம் தெரியாது என்று சொல்லவில்லை. அடிமைமுறையையும் மெக்ஸிகோ போரையும் நடத்தும் அரசுக்குத் தலைவரி கட்ட மறுத்து 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தார். ‘வால்டன்’ நூலிலேயே ஓர் ஏழை ஐரிஷ் தொழிலாளியிடம், டீயும் காப்பியும் இறைச்சியும் இல்லாமல் வாழ்ந்து பார் என்று சொல்லும்போது, இவற்றை நுகர்வதன் பின்னால் அடிமைமுறையும் போரும் வருகின்றன என்று தொட்டுக்காட்டுகிறார். அதோடு பேச்சு மறுபடியும் அந்த ஆளின் தனிப்பட்ட உழைப்புச் சுமைக்குத் திரும்பிவிடுகிறது.

தோரோ தொட்டுவிட்டு நகர்ந்த அந்த இடத்தில்தான் குமரப்பா உட்கார்ந்து பேரேட்டைத் திறக்கிறார். ஒரு டப்பா கோகோவை எடுத்துக்கொள்கிறார். கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் விளைகிறது. அதை ஏற்றி வரும் கடல்வழி துப்பாக்கியால் காக்கப்படுகிறது. இங்கே இறங்கும்போது ஆள்பவருக்குச் சாதகமான சுங்கவரி. கடைசியில் அதைக் கரைத்துக் குடிப்பவருக்கு இந்த வன்முறை அத்தனையிலும் பங்குண்டு என்பது அவர் வாதம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிறவரைச் சட்டம் விடுவதில்லை. விசாரிக்காமல் வாங்குகிறவரை மட்டும் ஏன் விட வேண்டும்? தணிக்கையாளர் கேட்கும் கேள்விதான் இது. ரசீதில் இருக்கும் தொகை சரியா என்பதோடு அவர் நிற்பதில்லை. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் தோண்டுகிறார்.

ஆகவே குமரப்பாவின் தற்சார்பில் கடை உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. தோரோ தன் இரண்டரை ஏக்கரில் அவரை விதைத்து, களை கொத்தி, செலவு போக 8 டாலர் 71½ சென்ட் மிஞ்சியது என்று மகிழ்ந்தார். அங்கே அலகு ஒரு தனிமனிதன். குமரப்பாவுக்கு அலகு கிராமம். செக்கு ஓட்டுபவரும் குயவரும் தச்சரும் இருக்க, எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டியதில்லை. வாங்கலாம், ஆனால் செய்தவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வாங்கு என்பதே அவர் விதி. மகன்வாடியில் செக்கெண்ணெயும் கைக்காகிதமும் பனைவெல்லமும் தேனீ வளர்ப்பும் சோதிக்கப்பட்டது இதற்காகத்தான். 1942 போராட்டத்துக்குப் பிறகு சிறையில் இருந்தபடி எழுதி 1945இல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ நூலில், வாழ்க்கைத்தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதே தவறு, எளியது, சிக்கலானது என்று பிரியுங்கள் என்கிறார். நிறையப் பொருள் இருப்பதை உயரம் என்று சொல்லிப் பழகிவிட்டதால்தான் குறைவாக வைத்திருப்பவர் கூசுகிறார்.

குமரப்பா பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனாலும் அவர் கணக்கிலும் ஒரு சலவை பில் பாக்கி இருக்கிறது. ஆலை அரிசி வந்ததும் கூலிக்கு நெல் குத்திய பெண்கள் பிழைப்பு இழந்ததை அவருடைய இயக்கம் சரியாகவே கண்டது, தவிடு போன அரிசியின் சத்துக்கேட்டையும் சொன்னது. சொந்த வீட்டுக்குக் கூலி இல்லாமல் விடியுமுன் எழுந்து குத்திய பெண்ணின் தோள்வலிக்கு அந்த அழுத்தம் கிடைக்கவில்லை. ஆலை வந்தபோது அவள் அழுதிருப்பாள் என்று நான் நம்பவில்லை.

இன்று இரண்டு பேருமே விற்பனைக்கு வந்துவிட்டார்கள். தோரோவின் வாசகம் போட்ட காப்பிக் கோப்பை கிடைக்கிறது. நகரத்து இயற்கை அங்காடியில் மரச்செக்கு எண்ணெய் அழகான புட்டியில் நிற்கிறது. இதில் தோரோவுக்கு அதிகச் சேதம் இல்லை. ‘எனக்கு இது தேவையா’ என்ற கேள்வியைக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டும் கேட்டுக்கொள்ளலாம். குமரப்பாவின் பாடுதான் சிரமம். அந்தப் புட்டிக்குள் இருக்கும் எள் யாருடைய வயலில் விளைந்தது, அறுத்தவருக்கு என்ன கூலி என்பதை அதன் லேபிள் சொல்லாது. கைபேசி என்றால் கோகோ டப்பாவைப் போல நூறு மடங்கு நீளமான பேரேடு வேண்டும்.

தூரம் குறைந்தால் கண் திறக்கும் என்ற அவர் நம்பிக்கைக்கும் ஒரு சோதனை நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதை யாரும் கடல்தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பனியன் தைத்தவரும் அதை உள்ளூர்க் கடையில் வாங்கிப் போட்டவரும் பாசனத்தை இழந்தவரும் ஒரே ஆற்றங்கரைக்காரர்கள். அத்தனை கண்ணுக்கு நேராக நடந்தும் நிற்கவில்லை. விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட வேண்டியிருந்தது.

நில விஷயத்தில் குமரப்பாவே அண்டைவீட்டார் மனசாட்சியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்து 1949இல் அவர் கொடுத்த அறிக்கை, ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது. பனியனுக்கும் கோகோவுக்கும் சட்டம் அப்படி ஒரு கோட்டை எங்கே போட வேண்டும் என்பதை அவர் நூல்களிலிருந்து தொகுத்து எடுக்கும் வேலை பாக்கி இருக்கிறது.