விரியலாக்கியும் ஒலிபெருக்கியும்: வால்வுக் காலத்து இல்ல இசைக்கருவிகளின் வரலாற்றில் ஒரு பொருத்தப் பிரச்சினை

இல்லங்களில் இசை கேட்பதற்கென அமைந்த மின்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை ஒரு படிமுறை வளர்ச்சியாகவே காட்டுவர். வால்வு விரியலாக்கி தோன்றியது, சிறந்தது, பின்னர் அதனினும் சிறந்த திரான்சிற்றர் வந்து அதனை அகற்றியது என்பதே அவர் கூறும் கதை. இக்கதை முற்றிலும் பொய்யன்று. ஆயின் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரற்படுத்தும் இம்முறையினால் ஓர் அடிப்படை உண்மை மறைந்துவிடுகிறது. வால்வு வலு விரியலாக்கி தனித்து நின்று மதிப்பிடத்தக்க பொருளன்று. எந்த ஒலிபெருக்கியுடன் அது இணைக்கப்படுகிறதோ, அதனைப் பொறுத்தே அதன் சிறப்பும் குறையும் வெளிப்படும். 1947 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த மாற்றங்களை நோக்குமிடத்து, விரியலாக்கியின் தலைவிதியை நிர்ணயித்தது பெரும்பாலும் ஒலிபெருக்கியே என்பது புலனாகும்.

பிரச்சினையின் வேர் வால்வின் இயல்பிலேயே உள்ளது. 1906-இல் லீ டி ஃபொறெஸ்ற், இருவாயியினுள் நெய்யரி என்னும் கம்பிவலையைச் சேர்த்து மூவாயியை ஆக்கியபோது, சிறு வோற்றளவு மாற்றத்தினாற் பெரு மாற்றத்தை உண்டாக்கும் வழி பிறந்தது. ஆயின் வால்வு உயர்ந்த வோற்றளவிற் சிறிய ஓட்டத்தைத் தருவது. 1925-இல் ரைஸ், கெலொக் என்னும் இரு அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த இயங்குசுருள் ஒலிபெருக்கியோ அதற்கு நேர்மாறானது. தாழ்ந்த வோற்றளவிற் பெரிய ஓட்டத்தை வேண்டுவது. பல்லாயிரம் ஓம் தடங்கலை எதிர்பார்க்கும் வால்வையும் நான்கு, எட்டு, பதினாறு ஓம் தடங்கலே உடைய சுருளையும் நேரடியாக இணைத்தல் இயலாது. இடையில் ஒரு வெளியீட்டு நிலைமாற்றி தேவைப்பட்டது. தடங்கல்களின் விகிதம் சுற்றுக்களின் விகிதத்தினது வர்க்கத்துக்குச் சமமாகும். எனவே 16 ஓம் ஒலிபெருக்கி வால்வுகளுக்கு 10,000 ஓமாகத் தோன்றவேண்டுமாயின், முதற்சுருளிலுள்ள சுற்றுக்கள் துணைச்சுருளில் உள்ளவற்றினும் 25 மடங்காதல் வேண்டும்.

எழுத்தில் இது மாணவர் பயிற்சிக் கணக்குப்போல் எளிதாகத் தோன்றும். செய்கையிலோ, மிகத் தாழ்ந்த சுருதிகளைக் குன்றாது கடத்துவதற்குப் பெரிய இரும்பகமும் மிகுந்த சுற்றுக்களும் வேண்டும். மிக உயர்ந்த சுருதிகளுக்கோ சுற்றுக்கள் குறைந்து நெருங்கியிருத்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் இசைவிக்க, சுருள்களைப் பல பகுதிகளாகப் பிரித்து மாறிமாறி அடுக்கிச் சுற்றவேண்டியிருந்தது. வால்வு விரியலாக்கியின் நிறைக்கும் விலைக்கும் பெருங்காரணம் வால்வன்று, இந்த நிலைமாற்றியே.

இப்பின்னணியிலேயே டி.ரி.என். வில்லியம்சனின் பணியை நோக்குதல் தகும். மார்க்கோனி–ஒஸ்ராம் வால்வு நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில் இவ்விளம் பொறியியலாளர் வகுத்த சுற்றமைப்பு, 1947 ஏப்பிரில், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ள்ட்' என்னும் இலண்டன் சஞ்சிகையில் வெளிவந்தது. மூவாயியாக இணைக்கப்பட்ட கே.ரி. 66 வால்வுகள் இரண்டு ஒன்றையொன்று எதிர்த்தியங்கி 15 உவாற்று வலுவைத் தந்தன. திரிபு நூற்றுக்கு 0.1-இனும் குறைந்திருந்தது. இதனை இயல்வித்தது மறைப் பின்னூட்டலாகும். வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே மீட்டு, தவறைத் தானே திருத்தச்செய்யும் இம்முறையை, ஹரல்ட் பிளாக் 1927-இல் தொலைபேசித் தொடர்புக்கெனக் கண்டிருந்தார். வில்லியம்சன் 20 தெசிபெல் அளவான பின்னூட்டலை நிலைமாற்றியையும் உள்ளடக்கி அளித்தார். அதனால் திரிபு ஏறக்குறையப் பத்திலொன்றாகக் குறைந்தது.

வில்லியம்சன் அளித்தது கடையில் வாங்கும் கருவியன்று, ஒரு வரைபடம் என்பது கவனிக்கத்தக்கது. போர் முடிந்து பண்டத் தட்டுப்பாடு நிலவிய பிரித்தானியாவில், கையிருப்பான போர்க்கால உதிரிப்பாகங்களைக் கொண்டு பலரும் அதனைத் தம் வீடுகளிலே கட்டினர். கடல் கடந்து அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அது பரவிற்று. அறிவு சஞ்சிகை வழியாகப் பொதுவுடைமையான ஓர் அரிய சந்தர்ப்பம் அது எனலாம். எனினும் அப்பொதுமைக்கு ஒரு வரம்பிருந்தது. நிலைமாற்றியை வில்லியம்சன் கண்டிப்பாக வரையறுத்திருந்தார். அதனை விடுத்து மலிவான மாற்றொன்றைப் பொருத்தியோரின் விரியலாக்கிகள் பின்னூட்டலினாற் சீர்குலைந்து தாமாகவே அலைவுறத் தொடங்கின. சுற்றமைப்பு ஒன்றேயாயினும் பொருத்தம் பிழைத்தவிடத்துப் பயன் வேறாயிற்று.

வில்லியம்சனுக்கு முன்னரே, 1945-இல், ஹரல்ட் லீக் 'பொயின்ற் வண்' என்னும் பெயரில் 0.1 வீதத் திரிபுடைய விரியலாக்கியை விற்பனைக்கு விட்டிருந்தார். 1951-இல் அமெரிக்கரான டேவிட் ஹவ்லரும் ஹேர்பேட் கெரோசும் வால்வின் திரை நெய்யரியை முதற்சுருளின் நடுவே ஓரிடத்தில் இணைத்து, மூவாயியின் தூய்மையையும் ஐவாயியின் வலுவையும் ஒருங்கே பெறும் 'அல்ற்றா லீனியர்' முறையைப் பரப்பினர். இதன் கருவை 1937-இலேயே காப்புரிமையாகப் பதிந்தவர் ஆங்கிலேயரான அலன் புளூம்லீன். ஈரொலித்தடப் பதிவுக்கான காப்புரிமையை 1931-இல் விண்ணப்பித்தவரும் அவரே. 1942-இல் விமான விபத்தொன்றில் மாண்ட அவர், இவ்விரண்டில் ஒன்றேனும் இல்லங்களிற் புகுந்ததைக் காணவில்லை.

இக்காலத்தவருள் பொருத்தப் பிரச்சினையை மிக நன்கு உணர்ந்தவர் பீற்றர் வோக்கர் எனலாம். ஹன்ரிங்டனில் இயங்கிய அவரது நிறுவனம் 1953-இல் 'குவாட் 2' விரியலாக்கியை வெளியிட்டது. அதுவும் இரு கே.ரி. 66 வால்வுகளால் 15 உவாற்றே தந்தது. நிலைமாற்றிச் சுருளின் ஒரு பகுதி கதோட்டுச் சுற்றிலும் அமைந்திருந்தமையாற் பின்னூட்டல் வால்வுகளினிடத்தேயே ஓரளவு நிகழ்ந்தது. 1957-இல் அதே நிறுவனம் மெல்லிய படலம் ஒன்றை உயர் வோற்றளவினால் அசைக்கும் நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது சாதாரண ஒலிபெருக்கிபோல் ஒரு தடையன்று, பெரும்பாலும் ஒரு கொள்ளளவி. மீடிறன் ஏற ஏற அதன் தடங்கல் வீழ்ந்து, உச்சத்தில் இரண்டு ஓமுக்கும் கீழே செல்லும். பல விரியலாக்கிகள் இச்சுமையிலே தடுமாறின. மேலும், பிற்காலத்து வலுமிக்க விரியலாக்கிகளுடன் இணைக்கப்பட்டபோது அதன் தகடுகளே பழுதுற்றதுமுண்டு. குவாட் 2-இன் சிறிய வலு இவ்விடத்துக் குறையாகாது காப்பாக அமைந்தது. வலு மிகுதியே மேன்மை என்று கொள்வோர் நினைவிற் கொள்ளவேண்டிய நிகழ்ச்சி இது.

ஆயினும் வரலாறு சென்ற திசை வேறு. 1954-இல் எட்கார் வில்ச்சரும் ஹென்றி குளொசும் மசசூசெற்சில் நிறுவிய தொழிலகம், மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட வளியையே வில்லாகப் பயன்படுத்தும் ஒலிபெருக்கியைச் செய்தது. அதுவரை ஆழ்ந்த தாழ்சுருதி வேண்டுவோர் அலமாரி அளவான பெட்டியையோ, போல் கிளிப்ஷ் வகுத்ததுபோன்று அறை மூலையை நிரப்பும் கொம்பையோ வைத்திருத்தல் வேண்டும். வில்ச்சரின் பெட்டி புத்தகத் தட்டிலே அடங்கிற்று. ஆனால் இயற்கை இலவசமாக எதையும் தருவதில்லை. சிறு பெட்டி, ஆழ்ந்த தாழ்சுருதி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறல் இயலாது. வில்ச்சர் விட்டுக்கொடுத்தது திறனை. கிளிப்ஷின் கொம்பு ஓர் உவாற்றுக்கு ஒரு மீற்றர் தொலைவில் ஏறக்குறைய 104 தெசிபெல் தர, இத்தகைய சிறு பெட்டி ஏறக்குறைய 86 தெசிபெல்லே தரும். பதினெட்டுத் தெசிபெல் வேறுபாடு, வலுவிலே அறுபது மடங்குக்கு மேலாகும். முன்னதற்கு ஓர் உவாற்றுப் போதுமான இடத்திற் பின்னதற்கு அறுபது வேண்டும்.

1958-இல் ஈரொலித்தட இசைத்தட்டுகள் கடைக்கு வந்தமை இப்போக்கை மேலும் விரைவுபடுத்திற்று. ஒலிபெருக்கிகள் இரண்டு வைக்கவேண்டுமெனின், சாதாரண வீட்டின் முன்னறையில் அலமாரிகள் இரண்டுக்கு இடமேது? சிறு பெட்டியே வென்றது. விரியலாக்கிகளும் இரட்டித்தன, ஒவ்வொன்றும் முன்னையதினும் வலுமிக்கதாதல் வேண்டும். 1959-இல் ஹவ்லரின் டைனாகோ நிறுவனம் ஈ.எல். 34 வால்வுகள் நான்கினால் ஒரு தடத்துக்கு 35 உவாற்றுத் தரும் 'ஸ்ரீரியோ 70'-ஐ, வாங்குவோர் தாமே கட்டிக்கொள்ளும் தொகுதியாக விற்றது. 1961-இல் வந்த மக்கின்ரொஷ் எம்.சி. 275 ஒரு தடத்துக்கு 75 உவாற்றை எட்டிற்று. ஆயின் அதனைத் தூக்குவதற்கு இருவர் வேண்டும் என்று சொல்லத்தக்க நிறையுடையதாயிற்று. வால்வு முறையில் உவாற்றுப் பெருகப் பெருக இரும்பும் செம்பும் பெருகும். திரான்சிற்றரோ தாழ்ந்த வோற்றளவிற் பெரும் ஓட்டத்தைத் தானே தருவதாதலின் வெளியீட்டு நிலைமாற்றியை வேண்டுவதில்லை. முதற்காலத் திரான்சிற்றர் விரியலாக்கிகள் செவிக்கு இனிமையாயிருந்தன என்று எவரும் வாதிடுவது அரிது. எனினும் சிறு பெட்டி கேட்ட மலிவான உவாற்று அவற்றிடமே இருந்தது. 1967-இல் குவாட் நிறுவனமும் தனது 303 மூலம் திரான்சிற்றருக்கு மாறியது.

1970-களில் எழுந்த வாதம் இவ்வடிப்படையை மறந்தே பெரிதும் நடைபெற்றது. வால்வின் ஒலி இயல்பாகவே இனியது என்பாரும், அஃது வெறும் பிரமை என்பாரும் எதிரெதிர் நின்றனர். 1978-இல் வோக்கரின் நிறுவனம் குவாட் 2, 303, 405 ஆகிய மூன்றையும் திரைமறைவில் இயக்கிக் கேட்போர் குழுவொன்றைச் சோதித்தபோது, குழுவினரால் அவற்றை நம்பத்தக்க முறையில் வேறுபடுத்த முடியவில்லை. இதிலிருந்து எல்லா விரியலாக்கிகளும் ஒன்றே என முடிபு செய்தல் தவறாகும். மூன்றும் போதிய பின்னூட்டல் உடையவை. தம் வலு எல்லைக்குள் இயக்கப்பட்டவை. பின்னூட்டல் குறைந்த வால்வு விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கல் இரண்டு ஓம் எனக் கொள்வோம். மீடிறனுக்கேற்ப 6 ஓம் முதல் 30 ஓம் வரை மாறுபடும் ஒலிபெருக்கியை அது இயக்கின், இரு எல்லைகளுக்குமிடையே ஏறக்குறைய 2 தெசிபெல் வேறுபாடு தோன்றும். பழகிய செவிக்கு அது புலனாகும். வெளியீட்டுத் தடங்கல் 0.2 ஓமாயின் அவ்வேறுபாடு கால் தெசிபெல்லுக்கும் குறையும். 'வால்வின் ஒலி' எனப் புகழப்பட்டதிற் கணிசமான பகுதி, ஒரு குறித்த விரியலாக்கியும் ஒரு குறித்த ஒலிபெருக்கியும் கூடியவிடத்துப் பிறந்ததேயாம். மணப்பொருத்தம் பார்ப்போர் ஒருவரின் சாதகத்தை மட்டும் பார்த்து முடிவு கூறுவதில்லை. இத்துறை விமரிசகரோ பலகாலம் அவ்வாறே செய்தனர்.

ஆதலின் இன்றும் வால்வு விரியலாக்கியைத் தெரிவோர் அறையின் அளவையும் ஒலிபெருக்கியின் உணர்திறனையும் அதன் தடங்கல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் முதலில் அறிந்து, உவாற்றைப் பின்னரே நோக்குதல் பொருந்தும். எட்டு ஓம் ஒலிபெருக்கியை நான்கு ஓம் முனையில் இணைத்தால் வால்வுகளுக்குச் சுமை இரு மடங்காகத் தோன்றும். கிடைக்கும் வலு குறையும், திரிபும் பெரும்பாலும் குறையும். பதினாறு ஓம் முனையில் இணைப்பின் சுமை பாதியாகி வால்வுகள் வருந்தும். சுமை எதுவுமின்றி இயக்கின் நிலைமாற்றியே எரியக்கூடும்.

வெஸ்ரேர்ண் எலெக்ரிக் நிறுவனம் திரையரங்குகளுக்கென 1930-களிற் செய்த 300பி மூவாயியைப் பிற்காலத்தில் யப்பானிய ஆர்வலர் மீட்டெடுத்தனர். அதனைத் தனி வால்வாக இயக்கிப் பெறக்கூடியது 8 உவாற்று அளவே. 104 தெசிபெல் கொம்புடன் அது ஒரு மீற்றர் தொலைவில் 113 தெசிபெல்லை எட்டும். முழு வாத்தியக் குழுவின் உச்ச ஒலிக்கும் அது போதியது. 86 தெசிபெல் பெட்டியுடன் அதே விரியலாக்கி 95-இல் நின்றுவிடும். கேட்போர் சில மீற்றர் தள்ளி அமரின், முரசு முழங்கும் இடங்களில் வால்வு வெட்டுண்டு ஒலி கரகரக்கும்.