ஏரி வண்டல் கூறும் மாயர் வரலாறு

சரித்திரம் என்றவுடன் மாணவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே நினைவுக்கு வரும். நெடுங்காலம் வகுப்பறையில் நின்று சரித்திரம் கற்பித்த எனக்கும் அவையே முதற்கண் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அரசன் வெட்டுவித்த சாசனத்தில் அரசனுக்கு வேண்டிய செய்தியே மிகுதியாக இருக்கும். அவன் வென்ற போரும், எடுப்பித்த கோயிலும், முடிசூடிய நாளும் அதில் இருக்கும். தன் ஆட்சியில் மழை பொய்த்தது என்பதை எளிதில் ஒருவன் கல்லில் எழுதிவைக்க மாட்டான். அத்தகைய செய்தி வேண்டுமாயின் நாம் வேறுவகைச் சாசனங்களை நாட வேண்டும். இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒன்றைப் பற்றியே. அது ஓர் ஏரியின் அடியிற் கிடக்கும் சேறு.

அந்த ஏரி மெக்ஸிகோ நாட்டு யூகட்டான் தீபகற்பத்தில் உள்ளது. சிச்சான்கனாப் என்பது அதன் பெயர். மாய மொழியில் இதற்குச் 'சிறு கடல்' என்று பொருள். கடலுக்கு அப்பால் உள்நாட்டிற் கிடக்கும் நீர்நிலைக்குக் கடல் என்று பெயர் வைத்தவர்கள் அதன் நீரை வாயில் இட்டுப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். ஏனெனில் அது நல்ல தண்ணீர் அன்று. கால்சியம் ஸல்பேட் மிகுதியாகக் கரைந்த நீர்.

மாயர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். தென்கிழக்கு மெக்ஸிகோ, குவாத்தமாலா, பெலிஸ், மேற்கு ஹோண்டுராஸ் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த இம்மக்கள், கி.பி. 250 முதல் 900 வரை சிறப்புற்று விளங்கினர். எழுத்தறிந்தவர், சுழியம் அறிந்தவர், வெள்ளிக் கோளின் இயக்கத்தைக் கணித்தவர். தங்கள் நகரங்களில் நெடுங்கற்களை நாட்டி, அவற்றில் நாள் தவறாமல் தேதியும் பொறித்தனர். சரித்திர ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தத் தேதிகள் ஒவ்வோர் ஊராக நின்றுபோயின. கோப்பான் நகரில் இறுதித் தேதி கி.பி. 822, அக்கல்லின் செதுக்கு வேலை முற்றுப்பெறவே இல்லை. மாபெரும் டிக்கால் நகரில் 869. டோனினா என்னும் ஊரில் 909. அதற்குப் பின் தென்பகுதியில் நீள்கணக்குத் தேதி பொறித்த கல் ஒன்றும் இல்லை. காடு நகரங்களை மூடிக்கொண்டது. 1839-ஆம் ஆண்டில் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கரும் கேதர்வுட் என்ற ஆங்கில ஓவியரும் சென்று எழுதியும் வரைந்தும் வெளியிட்ட பின்னரே வெளியுலகம் இவற்றைப் பரவலாக அறிந்தது.

ஏன் நின்றன? மாயர் நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம் என்றால், 1562-இல் மானி என்ற ஊரில் டீகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் அவற்றைக் குவித்து எரித்துவிட்டார். இன்று எஞ்சியவை நான்கே சுவடிகள். அவையும் பஞ்சாங்கமும் சடங்கும் பற்றியவை. ஆகவே அறிஞர்கள் தத்தம் மனப்போக்கிற்கேற்பக் காரணம் கூறினர். போர் என்றார் ஒருவர். குடிகளின் கிளர்ச்சி என்றார் மற்றொருவர். நிலம் சாரம் இழந்தது என்றார் வேறொருவர். வறட்சி என்று கூறியவர்களும் உண்டு. ஆனால் சான்று எங்கே என்று கேட்டால் அவர்களிடம் விடை போதவில்லை.

புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோடல், கர்ட்டிஸ், பிரென்னர் என்ற மூவர் அந்தச் சான்றை ஏரியின் அடியில் தேடினர். நீரின் மேல் மிதவையை நிறுத்தி, நீண்ட குழாயை அடிவண்டலில் செலுத்தி, வண்டலைக் கலையாமல் ஒரு தூண் போல் வெளியே எடுத்தனர். ஆண்டுதோறும் படியும் சேறு பழையதன் மேல் புதியதாக அடுக்கப்படுகிறது. ஆகவே தூணின் அடி பழைய காலம். முடி நம் காலம்.

இதில் மழையை எப்படிப் படிப்பது? இங்கே நம்மூர் உப்பளம் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ கடல்நீரைப் பாத்தியிற் பாய்ச்சி வெயிலில் வற்றவிடுகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட, கரைந்திருப்பவை யாவும் ஒரே சமயத்தில் வெளிவருவதில்லை. ஜிப்சம் என்னும் கால்சியம் ஸல்பேட் முன்னரே படிந்துவிடும். சமையல் உப்பு அதன் பின்னரே விளையும். சிச்சான்கனாப் ஏரியும் அவ்வாறே. நீர் வெளியேற ஆறு இல்லாத ஏரி அது. மழை குறைந்து வெயில் மிகுந்தால் நீர் சுண்டி, ஜிப்சம் படிகமாகி அடியில் ஓர் அடுக்காகத் தங்கும். மழை மீண்டால் அதன்மேல் வழக்கமான கருஞ்சேறு படியும். ஜிப்சம் சேற்றைவிடக் கனமானது. ஆகவே தூணின் அடர்த்தியை அங்குலம் அங்குலமாக அளந்தாலே வறண்ட காலங்கள் தெரிந்துவிடும்.

ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. இரண்டாவது சாட்சி ஏரியில் வாழ்ந்த நத்தையும் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் ஓட்டுயிரியும். அவை தம் ஓட்டை ஏரிநீரிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றன. அந்நீரிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் யாவும் ஓர் எடை உடையன அல்ல. பெரும்பாலானவை எடை 16 உடையவை. பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ இருபது அணுக்கள் எடை 18 உடையவை. நீர் ஆவியாகும்போது இலேசான அணுவைத் தாங்கிய மூலக்கூறு எளிதிற் பறந்துவிடுகிறது, கனமானது பின்தங்குகிறது. எனவே வறண்ட காலத்து ஓட்டில் கனமான ஆக்ஸிஜன் சற்று மிகுந்திருக்கும். இந்த அணுக்களின் விகிதத்தைக் கொண்டு பண்டைய வெப்பநிலையை அறியலாம் என்று 1947-இலேயே வழிகாட்டியவர் நோபல் பரிசு பெற்ற ஹெரால்ட் யூரி. மழையை அறிய முயன்றவர்கள் அவர் வழியிலேயே சென்றனர்.

காலம் கணிப்பதில் ஓர் இடர் உண்டு. மாணவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மரம், விதை முதலியவற்றிலுள்ள ரேடியோ கார்பன் 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. மீந்திருப்பதை அளந்தால் வயது தெரியும். ஆனால் யூகட்டான் முழுவதும் சுண்ணாம்புக்கல் நிலம். அக்கல்லிலுள்ள மிகப் பழைய கார்பன் நீரிற் கரைந்து நத்தையோட்டிலும் ஏறிவிடும். நேற்று இறந்த நத்தையும் நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது போல் தோன்றும். ஆகவே, காற்றிலிருந்து கார்பனைப் பெற்ற நிலத்தாவரத்தின் விதையோ சுள்ளியோ வண்டலில் அகப்படுவது பெரும்பேறு. ஒரு சிறு விதை பல நத்தைகளின் பொய்யைத் திருத்திவிடும்!

1995-இல் அம்மூவரும் முடிவை வெளியிட்டனர். கி.பி. 800 முதல் 1000 வரையுள்ள காலம், பல்லாயிரம் ஆண்டுகளில் அப்பகுதி கண்ட மிக வறண்ட காலம் என்பதே அது. 2005-இல் பல தூண்களை ஒப்பிட்டு, வறட்சி இருமுறை வந்ததாகப் பிரித்துக் காட்டினர்: ஏறத்தாழ 770 முதல் 870 வரை ஒன்று, 920 முதல் 1100 வரை மற்றொன்று. 2018-இல் எவான்ஸ் என்பவரும் ஹோடல் முதலியோரும் மேலும் நுட்பமாக ஒன்று செய்தனர். ஜிப்சம் படிகத்தினுள் இரண்டு நீர் மூலக்கூறுகள் சிறைப்பட்டுள்ளன அல்லவா? அது ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஏரியின் நீரே. அதனை வெளிப்படுத்தி அளந்து, ஆண்டு மழை 41 முதல் 54 விழுக்காடு வரை குறைந்ததென்றும், கொடிய காலங்களில் 70 விழுக்காடு வரை குறைந்ததென்றும் கணித்தனர். 'வறட்சி இருந்தது' என்பதற்கும் 'மழை பாதியாயிற்று' என்பதற்கும் உள்ள வேற்றுமையை உழவன் அறிவான்.

அப்படியாயின் வறட்சியே மாயரை அழித்தது என்று எழுதிவிடலாமா? செய்தித்தாள்கள் எழுதிவிட்டன. எனக்கு அது உடன்பாடன்று. டோஸ் பிலாஸ் என்னும் நகரம் ஏறக்குறைய 761-இலேயே போரினாற் பாழாயிற்று; அப்போது ஏரியின் முதல் வறட்சி தொடங்கவில்லை. வடக்கே மழை இயல்பாகவே குறைவு. அங்குள்ள சிச்சென் இட்ஸா நகரமோ தெற்கு நகரங்கள் சாய்ந்த காலத்தில் ஓங்கி நின்றது! வடக்கே நிலத்தடி நீர் ஆழமில்லை. சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டான இயற்கைக் கிணறுகள் உண்டு. டிக்காலுக்கோ ஆறும் இல்லை, எட்டும் ஊற்றும் இல்லை. தேக்கிவைத்த மழைநீரை நம்பியே பல்லாயிரவர் வாழ்ந்தனர். ஒரே வறட்சி ஓர் ஊரைக் கொன்று மற்றோர் ஊரை விட்டுவைக்கும். ஏரிச்சேறு மழையின் அளவைக் கூறும். அரசன் களஞ்சியத்தைத் திறந்தானா, அண்டை ஊர்மேல் படையெடுத்தானா என்பதை அது கூறாது. மேலும், மாயர் அழிந்த இனமும் அல்லர். மாய மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. வெனிசுவேலா கடலோரத்துக் கரியாகோ படுகையின் வண்டலில், ஆறுகள் கொணர்ந்த டைட்டேனியத்தை ஹாக் முதலியோர் அளந்தனர். மழை குறைந்தால் ஆறு கொணரும் மண்ணும் குறையும்; டைட்டேனியமும் குறையும். அவர்கள் 2003-இல் கூறிய வறட்சிகள் ஏறத்தாழ 760, 810, 860, 910 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவை. முதல் மூன்றும் ஏரியின் கணக்கோடு ஒருவாறு பொருந்துகின்றன. நான்காவது பொருந்தவில்லை. 870-க்கும் 920-க்கும் இடைப்பட்ட காலத்தை ஏரி சற்று ஈரமானது என்கிறது. கரியாகோவோ 910-இல் வறட்சி என்கிறது. ரேடியோ கார்பன் கணக்கில் சில பத்தாண்டுகள் முன்பின்னாக இருத்தல் இயல்பு. இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவு என்பதையும் மறக்கலாகாது. டோனினாவின் கடைசிக் கல் நாட்டப்பட்ட 909-ஆம் ஆண்டு, சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது. அக்கல்லை நாட்டியவர்கள் வறண்ட வானத்தின்கீழ் நின்றனரா, மழை மீண்ட பின்னும் மீளாத நகரில் நின்றனரா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.