தோல்வியின் பூர்வீகம்

2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆந் திகதி, கொழும்பு கெத்தாராம மைதானத்தில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதியாட்டத்திலே இலங்கை அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்திய அணியினர் 6.1 ஓவர்களில், விக்கெட் எதனையும் இழக்காது வெற்றியிலக்கை எட்டினர். மழை விடும்வரை காத்திருந்த மக்கள் விளக்கு வைக்கும் வேளைக்கே வீடு திரும்ப வேண்டியதாயிற்று. ஏழு வாரங்கள் கழியுமுன், நவம்பர் 2ஆந் திகதி, மும்பையில் அதே இந்தியாவுக்கெதிராக 14 ஓட்டங்களுக்குள் ஆறு விக்கெட்டுகள் வீழ்ந்தன, மொத்தம் 55. உலகக் கிண்ணத்தின் ஒன்பது ஆட்டங்களில் இரண்டிலே மட்டும் வென்ற நம் அணி, 2025ஆம் ஆண்டின் சம்பியன்ஸ் கிண்ணத்திலே ஆடுந் தகுதியையும் இழந்தது.

இரசிகனின் சினம் எல்லை கடந்தது. வீரர்கள் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்றான். களியாட்டங்களில் மூழ்கியவர்கள் என்றான். அவன் சினத்தில் நியாயமுண்டு. ஓராண்டுக்கு முன்னர், 2022இல், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு, துபாயிலே இதே அணி வென்றெடுத்த ஆசியக் கிண்ணம் ஒன்றே அவ்வருடத்து மகிழ்ச்சியாக இருந்தது. அத்தகைய மக்கள் 50 ஓட்டங்களை வெறும் எண்ணாகப் பார்ப்பார்களா? ஆயினும் பதினொரு பேரின் மட்டைகளையும் கால்களையும் மட்டுமே நோக்கிய கண்கள், அவர்களுக்குப் பின்னால் நின்ற அமைப்பை நோக்கத் தவறின. அவ்வமைப்புக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

இலங்கையிலே துடுப்பாட்டம் துரைமாரின் பொழுதுபோக்காகவே காலூன்றியது. 1832இல் தோன்றிய கொழும்பு கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கே உரித்தாயிருந்தது. வாசல் அடைக்கப்பட்ட சுதேச கனவான்கள் தமக்கெனக் கழகங்கள் அமைத்தனர்; அவற்றையும் இனவாரியாகவே அமைத்தனர். சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899ஆம் ஆண்டிலேயே பிறந்தன. பறங்கியர், சோனகர், மலாயர் ஆகியோரும் தத்தமக்கென மன்றங்கள் கண்டனர். ஆங்கிலக் கல்லூரியில் பயின்று, வெள்ளைக் காற்சட்டைக்குப் பணமுள்ளவனே ஆடினான். ஏனையோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்த மகாதேவன் சதாசிவம் போன்ற மேதைகள் அக்கழகங்களிலிருந்தே தோன்றினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திறமை எங்கே தேடப்பட்டதோ அங்கேதான் அகப்பட்டது.

1981இல் டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982 பெப்ரவரியில், தமிழ் யூனியனின் இல்லமான சரவணமுத்து ஓவலில், இங்கிலாந்துக்கெதிராக முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. அதன் பின்னரே வேலி மெல்ல மெல்லச் சரிந்தது எனலாம். மாத்தறையிலிருந்து சனத் ஜயசூரிய வந்தார். கண்டியின் தமிழ்க் குடும்பமொன்றிலிருந்து முத்தையா முரளிதரன் வந்தார். 1995இல் மெல்பேர்ண் மைதானத்தில் முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் அறிவித்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க அவருக்கு அரணாக நின்றார். மறுவருடம் மார்ச் 17இல், லாகூரில், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது பெற்ற 107 ஓட்டங்களால் உலகக் கிண்ணம் நம் வசமாயிற்று. மத்திய வங்கியிலே குண்டு வெடித்து ஏழு வாரங்கள்கூட ஆகாத நாட்கள் அவை. வடக்கிலே போர் நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு இவ்விளையாட்டு கனவான்களின் கையிலிருந்து மக்களின் நெஞ்சுக்கு இடம்பெயர்ந்தது.

நெஞ்சுக்கு வந்ததே தவிர, கைக்கு வரவில்லை. உலகக் கிண்ணத்தின் பின் தொலைக்காட்சி உரிமைப் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. அதனை ஆளும் அதிகாரமோ கழகங்களினதும் சங்கங்களினதும் வாக்குகளிலேயே தங்கியிருந்தது. பல்லாண்டுகளாக அவ்வாக்குகள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன. விளைவு என்ன? பெருங்கண்டமான அவுஸ்திரேலியா ஆறு மாநில அணிகளைக் கொண்டு தன் முதல்தரப் போட்டிகளை நடத்த, இச்சிறு தீவிலே இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் முதல்தரம் என்ற பட்டத்தைச் சூடியிருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவை. பட்டத்தைப் பறித்தால் வாக்குப் பறிபோகும் என்று தெரிந்தும் அதற்குத் துணிபவர் யார்? நலிந்த பந்துவீச்சில் உள்ளூரில் நூறு பெற்ற இளைஞன், மும்பையில் இந்திய வேகப்பந்தை எதிர்கொண்டபோது திகைத்து நின்றதன் பூர்வீகம் இதுவே.

மறுபுறம் அமைச்சர்கள் நின்றனர். தேசிய அணிகளுக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் வழி வந்தது. 1999 தொடக்கம் சபையைக் கலைப்பதும் இடைக்காலச் சபை அமைப்பதும் பன்முறை நிகழ்ந்தன. 2011 ஜூலையில் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய பேருரையிலே குமார் சங்கக்கார, 1996இன் பின் பணமும் பதவியும் நிருவாகத்தைச் சீரழித்த கதையை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். நோயைச் சொன்னவரின் பேச்சைப்பற்றியே அமைச்சர் விசாரணைக்குப் பணித்தார்!

2023 நவம்பரில் நடந்தது இந்நாடகத்தின் இன்னோர் அங்கம். 6ஆந் திகதி அமைச்சர் ரொஷான் ரணசிங்க சபையைக் கலைத்து, ரணதுங்க தலைமையில் இடைக்காலச் சபை அமைத்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 9ஆந் திகதி நாடாளுமன்றம், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற பேதமின்றி, நிருவாகிகள் விலக வேண்டுமெனத் தீர்மானித்தது. விலைவாசிபற்றி ஒருமனப்படாத சபை இதிலே ஒருமனப்பட்டது. இரசிகனின் சினம் அத்துணை மலிவாய்க் கிடைத்த அரசியல் முதல். 10ஆந் திகதி, அரச தலையீட்டைக் காரணங்காட்டிச் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. மாத இறுதிக்குள் அமைச்சரும் பதவியிழந்தார்.

நிருவாகிகள் தத்தம் ஆசனங்களில் இருந்தனர். மக்கள் பிரதிநிதிகளும் இருந்தனர். இழந்தவர்கள் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்கள். இலங்கையில் நடக்கவிருந்த அவர்களுடைய உலகக் கிண்ணப் போட்டிகள் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டன. 2024 ஜனவரி 28இல் இடைநிறுத்தம் நீக்கப்பட்டபோது, தாய்மண்ணில் தம் பெற்றோர் கண்முன்னே ஆடியிருக்க வேண்டிய அப்பையன்கள் கடல் கடந்த மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தனர்.