வாசல்படியும் முதுமையும்: அம்பத்தூர், ஆவடி வீடுகளை முன்வைத்து

ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அந்த வேலைகளை நம்பி ஊரைவிட்டு வந்தவர்கள் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் மனை வாங்கி, கடனை உடனை வாங்கி வீடு கட்டினார்கள். கீழ்ப்பகுதி வாடகைக்கு, மாடி தங்களுக்கு, ஏறி இறங்க வெளிப்பக்கமாக ஓர் ஒடுக்கமான படிக்கட்டு. நாற்பது வயதின் முழங்காலை நம்பிப் போட்ட கணக்கு அது. இன்று அவர்களில் பலருக்கு எழுபது, எண்பது வயது. வீடு மட்டும் அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு. 2031-இல் இது 18.2 விழுக்காட்டைத் தொடும் என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. இத்தனை பேருக்கும் முதியோர் இல்லம் கட்டி மாளாது. மாநில அரசு இதை உணர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் ரேஷன் அரிசியும் வீடு தேடி வருகிறது. இரண்டும் மனமாரப் பாராட்ட வேண்டியவை. ஆனால் வாசலுக்கு உள்ளே இருக்கும் தரையையோ வெளியே இருக்கும் தெருவையோ இவை தொடுவதில்லை. முதியவரின் சுதந்திரத்தைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குளியலறையைப் பாருங்கள். அறைக்குள் தண்ணீர் வராமலிருக்க அதன் தரையை ஓரிரு அங்குலம் பள்ளமாக வைப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். கீழே வழவழப்பான டைல்ஸ், மேலே சோப்புத் தண்ணீர், நடுவில் ஒரு வாளி. கால் வழுக்கினால் கை தேடுவது குழாயை. அது ஆள் பாரத்தைத் தாங்குவதற்கா பொருத்தப்பட்டது?

இதற்கு மாற்று உண்டு, செலவும் குறைவு. நியூசிலாந்தின் தரனாக்கி பகுதியில் 842 வீடுகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. மாடிப்படிக்கும் குளியலறைக்கும் கைப்பிடி, வெளியே விளக்கு, வழுக்காத படி ஆகியவற்றைப் பெற்ற வீடுகளில், மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு விழுந்து அடிபடுவது 26 விழுக்காடு குறைந்ததாக 2015-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. ஜப்பானின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் இத்தகைய வேலைகளுக்கு 2 லட்சம் யென் வரையிலான செலவு ஏற்கப்படுகிறது.

தெருவின் கதை இன்னும் சிக்கலானது. பழைய சாலைமேல் புதிய சாலை என்று போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் போயின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர் போன்ற இடங்கள் மிதந்தன. வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்துபவர்கள் வாசலில் நான்கைந்து படிகள் வைக்க வேண்டியிருக்கிறது. சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். வெள்ளநீரைப் பற்றிய உத்தரவாகவே அது பேசப்பட்டது. முதியோர் நலனுக்கான உத்தரவாகவும் அதைப் படிக்க வேண்டும். சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன்கள் 2016 முதல் உண்டு. நிறுத்தம்வரை நடந்துபோக முடியாதவருக்கு அந்த டோக்கனால் என்ன பயன்?

வீட்டுக்குள் அரசு எப்படி நுழையும் என்று கேட்கலாம். ஏற்கெனவே நுழைந்துவிட்டது. இரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண் தன்னார்வலரின் படிவத்தில் குளியலறை, படிக்கட்டு, இரவு விளக்கு பற்றி நான்கு கேள்விகள் சேர்த்தால் போதும். அவர் எழுதித் தருவதைக் கொண்டு உள்ளாட்சி அமைப்பு ஒரு கொத்தனாரையும் இரண்டு கைப்பிடிக் கம்பிகளையும் அனுப்பலாம். கீழ்ப்பகுதிக்கு இறங்கி வந்துவிட விரும்பும் வீட்டுக்காரரைத் தடுப்பது பெரும்பாலும் வாடகைப் பணம். மாடிக்குக் குறைந்த வாடகைதான் கிடைக்கும். அந்த இழப்பைச் சொத்துவரிச் சலுகையால் ஈடுகட்ட முடியுமா என்பதை, 2019-இல் தனி மாநகராட்சியான ஆவடி ஒரு வார்டிலாவது சோதித்துப் பார்க்கலாம்.