பிரெஞ்சில் நாவல் எழுதிய வங்க மங்கை

பிரெஞ்சு மொழி என்றதும் தமிழகத்தார் நினைவில் புதுச்சேரியும் காரைக்காலும் தோன்றும். 1954 நவம்பர் முதல் நாள்வரை அவ்வூர்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. ஆயினும் இந்தியர் ஒருவர் அம்மொழியில் எழுதிய முதல் நாவல் அம்மண்ணில் பிறக்கவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட கல்கத்தாவில், 21ஆம் வயதிலேயே மறைந்துவிட்ட ஒரு பெண் அதனை எழுதினார். அவர் பெயர் தோரு தத்.

1856 மார்ச் 4ஆம் நாள், கல்வியிற் சிறந்த தத் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை கோவிந்த சந்திர தத் ஆங்கிலத்தில் கவிதை புனைந்தவர். அக்குடும்பம் 1862இல் கிறித்தவ சமயத்தைத் தழுவியது. 1865இல் ஒரே மகன் அப்ஜு இறந்தான். எஞ்சியோர் ஆரு, தோரு என்னும் புதல்வியர் இருவரே. 1869இல் தந்தை மனைவியையும் மக்களையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். வங்கப் பெண்கள் கடல் கடப்பது அரிதினும் அரிதாயிருந்த காலம் அது.

பிரான்சின் நீஸ் நகரப் பள்ளியில் சகோதரியர் பயின்றது சில மாதங்களே. அதற்குள் பிரெஞ்சு மொழி தோருவின் உள்ளத்தில் குடிகொண்டது. பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென நடத்தப்பெற்ற உயர்தர விரிவுரைகளைக் கேட்டனர். 1873இல் குடும்பம் தாயகம் திரும்பியது. மறு ஆண்டே ஆருவைக் காசநோய் கொண்டுபோயிற்று.

தமக்கையை இழந்த தோரு, நூல்களிடையே ஆறுதல் தேடினார். பிரெஞ்சுக் கவிதைகள் 160க்கும் மேற்பட்டவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876இல் நூலாக்கினார். அதில் ஆரு பெயர்த்த சில பாடல்களும் இடம்பெற்றன. பவானிப்பூர் அச்சகமொன்றில் முன்னுரைகூட இன்றி அச்சான அவ்வெளிய நூல், இலண்டனில் எட்மண்ட் காஸ் என்னும் திறனாய்வாளர் கைக்குச் சென்றது. அவர் வியந்து பாராட்டினார். ஆனால் 1877 ஆகஸ்டு 30ஆம் நாள் தோருவும் காசநோய்க்கு இரையானார்.

அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளிடையே தந்தை அந்தப் பிரெஞ்சு நாவலைக் கண்டெடுத்தார். ‘செல்வி தார்வேரின் நாட்குறிப்பு’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிளாரிஸ் பாதேர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் முன்னுரையுடன் 1879இல் அது பாரிசில் வெளிவந்தது. மார்கரித் என்னும் இளம்பெண்ணின் நாட்குறிப்பாக அமைந்த கதை அது. அவள் நேசித்த பிரபு வேறொருத்தியின்மேல் கொண்ட மையலால் உடன்பிறந்தானையே கொன்று, சித்தம் கலங்கி, தற்கொலை செய்துகொள்கிறான். பின்னர் வேறொருவரை மணக்கும் மார்கரித், மகனைப் பெற்றபின் இளமையிலேயே மறைகிறாள். கதையில் இளமைக்குரிய மிகையுணர்ச்சி உண்டு. ஆயினும் கல்கத்தா வீட்டிலிருந்தபடியே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் அகவாழ்வைத் தீட்டிய ஆற்றல் வியத்தற்குரியது.

அயல்மொழியில் ஆழ்ந்தவர் தாய்மண்ணை மறப்பர் என்னும் அச்சம் பழையது. தோருவின் வாழ்வு அதனைப் பொய்ப்பிக்கிறது. தாயகம் திரும்பியபின் தந்தையுடன் அமர்ந்து அவர் வடமொழி கற்றார். சாவித்திரி, துருவன், பிரகலாதன் முதலியோர் கதைகளை ஆங்கிலப் பாடல்களாக்கினார். 1882இல் இலண்டனில் வெளிவந்த அந்நூலில், தாய் பாடும் சீதையின் கதையைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் மூன்று குழந்தைகளையும் காண்கிறோம். இன்று அவர் பெயரை நிலைநிறுத்துவது பெரிதும் இந்நூலே.

நம் முன்னோர் வழியும் இதற்கு மாறானதன்று. அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் கண்டனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களை ஓதினர். அரபுக் கல்வி அவர்தம் தமிழைக் குறைக்கவில்லை. அதற்குப் புதியதோர் எழுத்தைத் தந்தது.

தோருவின் புகழில் பாதி அவர் தந்தைக்குரியது. மகனை இழந்த அவர், ‘பெண்மக்களுக்கு இவ்வளவு போதும்’ என்று ஏட்டை மூடிவிடவில்லை, உடனிருந்து கற்பித்தார், மகள் மறைந்தபின் அவர் எழுத்தைக் காத்து உலகிற்கு அளித்தார். உடுமலை போன்ற நம் சிற்றூர்களில், பள்ளியில் முதலாவதாகத் தேறும் சிறுமியின் படிப்பைத் திருமணப் பேச்சு இடையில் நிறுத்துவதை இன்றும் காண்கிறோம். அவ்வாறு மூடப்படும் ஏடுகளில் எத்தனை நூல்கள் எழுதப்படாமலே போயினவோ! மகளின் படிப்பு பற்றி முடிவெடுக்க அமரும் பெற்றோர், கல்கத்தாவின் அந்தத் தந்தையையும் சற்றே நினைத்துப் பார்ப்பாராக.