மலிவா? உசத்தியா? - அளவுக் கருவிகளின் கதை

1867-ம் ஆண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரம். அங்கே பித்தளைத் தகடு செய்யும் பிரிட்ஜ்போர்ட் பிராஸ் கம்பெனி, துப்பாக்கித் தோட்டா செய்யும் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனிக்குச் சரக்கு அனுப்பியது. போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. தகடு சொன்ன அளவில் இல்லையாம்!

விற்றவர்கள் தங்கள் கேஜை வைத்துப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது. வாங்கியவர்களின் கேஜில் தப்பாக இருந்தது. சரி, பஞ்சாயத்துக்கு மூன்றாவதாக ஒரு கேஜைக் கொண்டுவந்து பார்த்தால், மூன்றில் எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. இத்தனைக்கும் மூன்றுமே ஒரே ஸ்டாண்டர்டுபடி செய்ததாகச் சொல்லப்பட்டவை.

அந்தக் காலத்து கேஜ் என்பது, ஓரத்தில் வரிசையாக வெட்டுகள் போட்ட ஒரு எஃகுத் தகடு. எந்த வெட்டில் பித்தளை நுழைகிறதோ, அந்த வெட்டின் எண்தான் அளவு. விலை குறைவு, ஆனால் தேயத் தேய வெட்டு அகலமாகும். கணக்குப் புத்தகத்தில் 'சேல்ஸ் ரிட்டர்ன்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். உண்மையில் அது மலிவான கேஜுக்குப் பின்னால் வந்த பில்! அந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளர் வில்மட் இனியும் இப்படி நடக்கக்கூடாது என்று திருகு வைத்து அளக்கும் ஒரு மைக்ரோமீட்டரை வடிவமைத்து, ஆறு செய்ய வைத்தார்.

அப்படியென்றால் எல்லோருக்கும் விலை உயர்ந்த கருவியையே வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? இந்தக் கேள்விக்கு லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே அறுபது வருடம் முன்பே பதில் வைத்திருந்தார். 1805 வாக்கில் அவர் தன் பட்டறைக்காக ஒரு மேசை மைக்ரோமீட்டர் செய்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் விட நுண்ணிய வித்தியாசத்தை அது காட்டும். அதற்கு வைத்த பெயர் 'லார்ட் சான்சலர்'. இங்கிலாந்தின் அன்றைய உயர்ந்த நீதிபதியின் பதவிப் பெயர் அது! அன்றாட வேலை சாதாரண காலிப்பரில் நடக்கும். சந்தேகம் வந்தால் மட்டும் லார்ட் சான்சலரிடம் போக வேண்டும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தக் கருவி இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நல்ல கருவி என்றாலே ஏன் அத்தனை விலை? அளவுக் கோடுகளைப் போடுவதுதான் கஷ்டம். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து ஜோசப் பிரவுன் 1850-ல் கோடு போடுவதற்கென்றே ஒரு இயந்திரம் செய்தார். மறு வருடமே ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் காட்டும் வெர்னியர் காலிப்பரை, ஒரு சாதாரண மெஷினிஸ்ட் வாங்கக்கூடிய விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெர்னியர் முறை 1631-லேயே வந்துவிட்டது. பட்டறைக்கு வந்து சேர இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மைக்ரோமீட்டரும் அப்படித்தான். பாரிஸில் பால்மர் 1848-ல் காப்புரிமை வாங்கியதை, பிரவுனும் அவருடைய கூட்டாளி ஷார்ப்பும் 1867 பாரிஸ் கண்காட்சியில் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி அதே மாதிரி தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் இந்தக் கதையின் உண்மையான ஹீரோ சுவீடனில் இருக்கிறார். கார்ல் எட்வர்ட் ஜொஹான்சன். எஸ்கில்ஸ்டூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி கேஜ் செய்து வைப்பதில் ஆகும் செலவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையில் நல்ல வழி ஏதாவது இருக்கும் என்று நம்பிப் போனார். ஏமாற்றம்தான். அங்கேயும் குவியல் குவியலாக கேஜ்கள்!

ரயிலில் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கேஜ் எதற்கு? தராசுப் படிக்கற்களைச் சேர்த்து எடை போடுவதுபோல, சில எஃகுத் துண்டுகளைச் சேர்த்து அளவைக் கட்டினால் என்ன? மனைவியின் தையல் மிஷினை மாற்றி, வீட்டிலேயே எஃகைத் தேய்த்து மெருகேற்றினார். கிடைத்தது 102 துண்டுகள். ஒன்றோடொன்று வைத்து அழுத்தித் தள்ளினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கொண்டு 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு பங்கு இடைவெளியில் சுமார் 20,000 அளவுகள் கட்டலாம். ஆயிரக்கணக்கான கேஜுக்கு ஆகும் செலவு ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெட்டி விலை அதிகம்தான், ஆனால் ஒரு தொழிற்சாலைக்கு ஒன்றிரண்டு போதும். 1923-ல் அவர் அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்டு கம்பெனியில் சேர்ந்தார்.

இன்றைக்கு லேத் ஒன்றும் மில்லிங் மிஷின் ஒன்றும் போட்டுப் பட்டறை ஆரம்பிப்பவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். கடையில் மலிவு டிஜிட்டல் காலிப்பரும் 0.01 மில்லிமீட்டர் காட்டும், மிட்டுடோயோவும் 0.01 காட்டும். ஆனால் திரையில் தெரியும் எண் வேறு, அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. நல்ல 150 மில்லிமீட்டர் டிஜிட்டல் காலிப்பருக்கே பிழை 0.02 வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதித் தருகிறார். பட்டறைகளில் பழைய விதி ஒன்று உண்டு. அனுமதித்த பிழையில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி சரியாகக் காட்ட வேண்டும். கேட்டுக்கு இரும்புச் சட்டம் வெட்ட மலிவு காலிப்பர் தாராளமாகப் போதும். பேரிங் உட்காரும் ஷாப்டுக்கு நல்ல மைக்ரோமீட்டர் இல்லாமல் முடியாது. அங்கே மிச்சம் பிடித்த காசு, ஷாப்டு ரிஜெக்ட் ஆகி வரும் நாளில் போய்விடும்.

மலிவு காலிப்பர் வாங்கியவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு நல்ல 10 மில்லிமீட்டர் கேஜ் பிளாக்கை அதன் தாடைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும், நுனியில் ஒருமுறை, அடியில் ஒருமுறை. தாடை தேய்ந்திருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றாக வராது.